பஞ்சாரமும் பாசமும்

மூங்கிற் சிம்புகளால் கவிந்த குடைபோலப் பின்னப்பட்டு, அடியிலே தட்டு ஏதுமின்றி, முற்றத்தில் தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் மூடி வைப்பதற்கு நம் கிராமங்களில் வழங்கிவரும் பஞ்சாரத்தைக் காணுந்தோறும், ஓர் உயிரைக் காக்கும் பொருட்டு அதன் சுதந்திரத்தைப் பறித்தல் தர்மமாகுமா என்னும் வினா என் மனத்தில் எழாமல் இருந்ததில்லை. 'பஞ்சரம்' என்னும் வடசொல்லுக்குக் கூண்டு என்பதே பொருள். ஆகவே பெயரிலேயே சிறை இருக்கிறதென்று வாதிப்போரை நான் குறை கூறமாட்டேன்.

ஆயினும், வானில் வட்டமிடும் பருந்தையும் வேலியோரம் பதுங்கும் கீரியையும் நேற்றுப் பொரித்த குஞ்சு எங்ஙனம் அறியும்? 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் நிலைநாட்டிய சைவ சித்தாந்தம், இறைவனின் ஐந்தொழில்களுள் மறைத்தலையும் ஒன்றாக வைத்து, ஆணவ இருளில் அழுந்திய ஆன்மாவுக்குத் தனு, கரண, புவன, போகங்களை, அதாவது உடலையும் கருவிகளையும் உலகையும் நுகர்பொருளையும், தந்து, மலம் பக்குவப்படும் மலபரிபாகம் எய்தும்வரை அவன் தன்னைக் காட்டாது நிற்பதும் கருணையே என்று கொள்கிறது. பஞ்சாரத்தின் நிழலில் குஞ்சுகளுக்கு இறகு முளைப்பதைப் பார்த்திருந்த நாட்களில்தான், பாசமாகிய கட்டும் பக்குவத்திற்கு வாயிலாகும் என்னும் அத்துணிவு எனக்கு விளங்கிற்று.

ஆனால் அந்தக் கட்டு நகர வேண்டும். உரிய காலத்தில் நீங்கவும் வேண்டும். ஒரே இடத்தில் நாட்கணக்காக மூடி வைத்தால் எச்சம் குவிந்து, இரத்தக்கழிச்சல் நோய்க்கு அதுவே விளைநிலமாகிவிடும். இடம் மாற்றினாலோ, கோழிக்குப் புதுப் புல்லும் பூச்சியும், நிலத்திற்கு எருவும் ஒருங்கே கிட்டும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து விவசாயி ஜோயல் சாலட்டின், ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவுள்ள அடியற்ற கூண்டுகளைப் புல்வெளியில் நாள்தோறும் நகர்த்தி வளர்க்கும் முறையை 1993-இல் ஒரு நூலாகவே எழுதினார். மண்ணைக் கிளறுதல் கோழியின் சுதர்மம். கம்பித் தட்டின்மேல் அதனை ஆயுள் முழுதும் நிறுத்தும் வெற்றுக் கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் தடை செய்தது மிகவும் நியாயமே.

எனினும் இவ்விடத்தில் என் உவமை தடுமாறுகிறது என்பதை நான் மறைக்கலாகாது. ஆன்மாவைக் கட்டியவன் அதனை உண்பதில்லை. பஞ்சாரத்தைத் தூக்கும் கையோ ஒருநாள் கத்தியையும் எடுக்கிறது. புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர்முன், உண்பவனுக்காக வழக்காட என்னிடம் சொல் இல்லை. ஆயினும், முடிவில் கொல்லப்படும் உயிர்தானே என்று, அது வாழும் நாளெல்லாம் வதைபட விடுவதற்கு எந்தச் சாஸ்திரமும் இடம் தராது என்றே எண்ணுகிறேன்.

கோழி வளர்க்கும் அன்பர்களே, இன்று மாலை மூடுமுன் பஞ்சாரத்தை நேற்றைய தடத்தினின்று நான்கடி தள்ளி வையுங்கள். பொழுது விடிந்ததும் திறந்துவிடுங்கள்.