அயல்நாட்டுத் தொண்டும் கைம்மாறும்

பள்ளிப் படிப்பு முடிந்து கல்லூரிக்குப் போகும் முன், வேற்று நாட்டுச் சமுதாய மையம் ஒன்றில் சில வாரமோ சில மாதமோ சம்பளம் வாங்காமல் வேலை செய்வது மேற்கத்திய இளைஞர்களிடம் இன்று வழக்கமாகிவிட்டது. அனுபவம் வேண்டும், மனநிறைவு வேண்டும், உலகம் பார்க்க வேண்டும் என்ற ஆசைகள் இதில் கலந்தே இருக்கின்றன. அப்படிக் கலந்திருக்கும்போது இதைத் தொண்டு என்று சொல்லலாமா? அறநூல்களும் சமயங்களும் வெகுகாலமாகப் பேசிவரும் கேள்விதான் இது.

வழக்கத்தின் தொடக்கத்தில் உதவி என்ற எண்ணத்தைவிடக் கழுவாய் என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. சுவிட்சர்லாந்தின் பியர் செரெசோல் 1920இல் பிரான்சின் வெர்டன் அருகே, போரில் இடிந்த எஸ்ன் கிராமத்தைத் திரும்பக் கட்ட ஒரு சிறு குழுவைக் கூட்டினார். போரில் எதிரெதிராக நின்ற நாட்டவர் சேர்ந்து மண்வெட்டி பிடிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். குழுவில் ஜெர்மானியர் இருந்தது உள்ளூரில் பலருக்குப் பொறுக்கவில்லை, முகாம் நீடிக்கவில்லை. 1934 ஜனவரியில் பீகாரை நிலநடுக்கம் உலுக்கியபோது ஐம்பது வயதைத் தாண்டிவிட்ட செரெசோல் முசாபர்பூர் பகுதிக்கு வந்து கிராமங்களை மீண்டும் எழுப்பும் வேலையில் இறங்கினார். பிற்காலத்தில், 1958இல் பிரிட்டனில் அலெக் டிக்சன் தொடங்கிய தொண்டர் அமைப்பும் 1961இல் அமெரிக்கா தொடங்கிய அமைதிப் படையும் இளைஞர்களைத் திரளாகக் கடல் கடத்தின. போகிறவரின் வளர்ச்சியும் நோக்கங்களில் ஒன்றாக வெளிப்படையாகவே சேர்ந்துகொண்டது அப்போதுதான்.

பகவத்கீதையின் 17ஆம் அத்தியாயம் கொடையை மூன்றாகப் பிரிக்கிறது. கைம்மாறு செய்ய இயலாதவருக்கு, தக்க இடத்தில், தக்க காலத்தில் கொடுப்பது சாத்விகம். பலனை மனத்தில் வைத்துக் கொடுப்பது ராஜசம். சுயவிவரக் குறிப்பில் ஒரு வரி சேரட்டும் என்று வருகிற தொண்டர் இரண்டாம் வகையில் விழுவார். விவேகானந்தர் கர்மயோகச் சொற்பொழிவுகளில் வேறு பக்கத்திலிருந்து வருகிறார்: உலகம் நம் உதவிக்காகக் காத்திருக்கவில்லை, உதவுவதால் உயர்பவர் உதவுபவரே, ஆகவே வாங்கிக்கொள்பவருக்குத்தான் கொடுப்பவர் நன்றி சொல்ல வேண்டும். தொண்டரின் ஆசையை இந்தப் பார்வை குற்றமாக்கவில்லை. கடன் யார் தலையில் என்பதை மட்டும் மாற்றி எழுதுகிறது.

திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரம் காட்டும் உவமைகளில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், மருந்து மரம் எல்லாமே ஓரிடத்தில் நிலைத்து நிற்பவை. மழை மட்டும்தான் வெளியிலிருந்து வருகிறது. அதுவும் பருவம்தோறும் திரும்ப வருவது. வள்ளுவர் காணும் கொடையாளி ஊரோடு இருப்பவர், ஊருக்கு எது தேவை என்று அறிந்தவர். இரண்டு வாரம் தங்கிவிட்டுப் போகிறவருக்கு அந்த அறிவு வாய்ப்பது அரிது.

இதைத்தான் இவான் இல்லிச் 1968 ஏப்ரலில் காட்டமாகச் சொன்னார். கத்தோலிக்கக் குருவான அவர், மெக்சிகோவுக்குக் கோடைத் தொண்டு செய்ய வரவிருந்த அமெரிக்க மாணவர்களிடம், பாருங்கள், படியுங்கள், மலையேறுங்கள், ஆனால் உதவ மட்டும் வராதீர்கள் என்றார். மொழி தெரியாதவர் எந்த வேலையைக் கெடுக்கிறோம் என்பதைக்கூட அறிய மாட்டார் என்பது அவர் வாதம். சற்று மிகையான பேச்சுதான். ஆனால் சமுதாய மையங்களின் நடைமுறையைப் பார்த்தால் புறந்தள்ளவும் முடியாது. வெளிநாட்டு இளைஞர் வந்து இறங்கினால் அவருக்குத் தண்ணீர் கேன் வாங்குவது, காரமில்லாமல் குழம்பு வைப்பது, பிள்ளைகள் பேசுவதை மொழிபெயர்ப்பது எல்லாம் அங்கே குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கும் அக்காக்களின் தலையில்தான் விழுகிறது. பிள்ளைகள் அவர் பெயரைப் பழகி ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் அவர் விமானம் ஏறிவிடுகிறார்.

நோக்கமா, பலனா, எது பெரிது என்ற கேள்விக்குக் கம்பம் பள்ளத்தாக்கு தனக்கென்று ஒரு பதில் வைத்திருக்கிறது. தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியின் தடுப்பணையைத் தாண்டி ஓடும் முல்லைப் பெரியாற்று நீர், 1895இல் முடிந்த பெரியாறு அணையிலிருந்து வருவது. அதைக் கட்டிய பென்னிகுவிக் தொண்டர் அல்லர். அரசுச் சம்பளம் வாங்கிய பொறியாளர். ஆனாலும் அவர் பிறந்த ஜனவரி 15இல் பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். இங்கிலாந்தில் இருந்த சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்ற கதையும், ஆவண பலம் இல்லாமலேயே, ஊர்தோறும் நிலைத்துவிட்டது. வயலுக்குத் தண்ணீர் வந்த பலன் ஒன்றே நன்றிக்குப் போதும். அதோடு நிற்காமல் மக்கள் மனம் அவருக்கு ஒரு தியாகத்தையும் சேர்த்துத் தந்திருக்கிறது.

இதே தேனி மாவட்டத்து ஜி.கல்லுப்பட்டியில் உள்ளது வேறு வகை. டி லா சால் சபையைச் சேர்ந்த பிரிட்டன்காரர் சகோதரர் ஜேம்ஸ் கிம்ப்டன் இலங்கையில் பணியாற்றிவிட்டு 1960களில் தமிழ்நாடு வந்தவர். அவர் 1970களில் தொடங்கிய ‘ரீச்சிங் தி அன்ரீச்ட்’ அமைப்பு, ஆதரவற்ற பிள்ளைகளை விடுதியில் அடைக்காமல், வளர்ப்புத் தாய் ஒருவரோடு தனித்தனி வீடுகளில் குடும்பமாக வளர்த்தது. ஏழைகளுக்கு ஆயிரக்கணக்கில் வீடு கட்டிக்கொடுத்தது. 2017இல் 92 வயதில் அவர் மறைந்தார். அயல்நாட்டவராக வந்தவர் ஊர்க்காரராகவே ஆகிவிட்டார். வளர்ப்பு என்ற அன்றாட வேலை உள்ளூர்ப் பெண்கள் கையில் இருந்ததால், வருவோர் போவோரைப் பொறுத்துப் பிள்ளைகளின் வாழ்க்கை ஆட்டம் காணவில்லை. குறுகிய காலம் வந்துபோகும் இளைஞர், அந்தத் தாய்மார் சொல்லும் வேலையைச் செய்யும் கையாளாக இருக்கும்வரை இல்லிச்சின் குற்றச்சாட்டு அவர்மேல் முழுதாக ஒட்டாது.

மிஞ்சுவது சமத்துவக் கேள்வி. பழனிசெட்டிபட்டி இளைஞர் ஒருவர் பிரிட்டனின் முதியோர் இல்லத்தில் ஆறு மாதம் தொண்டு செய்ய நினைத்தால், வங்கிக் கணக்கைக் காட்டு, திரும்பி வருவாய் என்று நிரூபி என்பதிலேயே பாதி ஆசை வடிந்துவிடும். அங்கிருந்து வருகிறவருக்கு அந்தத் தடை குறைவு. சம்பளமில்லாத தொண்டு ஒரு மாதத்துக்கு மேற்படாவிட்டால் இந்தியாவின் மின்-சுற்றுலா விசாவிலேயே அதற்கு இடமுண்டு. குறுகிய காலத் தொண்டை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதில் தத்துவவாதிகளுக்கு உள்ள தயக்கம் குடியேற்றத் துறைக்கு இல்லை.