எந்த நிறம், எந்தத் தண்ணீர்?

(கோலா குபு பாருவில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரும், அவரிடம் படித்து இப்போது ஐந்தாம் படிவத்தில் இருக்கும் மாணவனும் பேசிக்கொண்டது.)

மாணவன்: ஐயா, உயிரியல் சோதனையை முடித்துவிட்டேன். ஹைட்ரில்லா தண்டு ஒன்றை வெட்டி, வெட்டுவாய் மேலே பார்க்கும்படி சோதனைக் குழாயில் போட்டேன். தண்ணீரில் கொஞ்சம் சோடியம் பைகார்பனேட். விளக்குக்கு முன்னால் கலர்த்தாளை மாற்றி மாற்றிக் கட்டிக் குமிழிகளை எண்ணினேன். சிவப்பில் அதிகம், அடுத்தது நீலம், பச்சையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. புத்தகத்தில் போட்டிருப்பது அப்படியே வந்தது.

ஆசிரியர்: அப்படியே வந்தாலே எனக்குச் சந்தேகம் வரும். உன் முடிவை ஒரு வரியில் சொல்.

மாணவன்: நீர்த்தாவரத்தின் ஒளிச்சேர்க்கைக்குச் சிவப்பு ஒளி சிறந்தது, பச்சை பயன்படாது.

ஆசிரியர்: சைவ சித்தாந்தம் காண்டல், கருதல், உரை என்று அறியும் வழிகளாக மூன்று அளவைகளைச் சொல்லும். உன் ஒரு வரியில் மூன்றும் கலந்து கிடக்கின்றன. பிரித்துக் காட்டு.

மாணவன்: கண்டது குமிழி. அதை வைத்துக் கருதியது ஒளிச்சேர்க்கை. உரை... புத்தகம்.

ஆசிரியர்: கண்டதிலிருந்தே தொடங்குவோம். பச்சைத் தாளில் நீ கண்டது குமிழி இல்லாமையை. சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூல் இதையும் அபாவம் என்று ஓர் அளவையாக எண்ணிவிட்டு, பிறகு அந்த மூன்றுக்குள்ளேயே அடக்கிவிடும். ஒன்று இல்லை என்பதைக் கொண்டு முடிவு கட்டுவதில் மிகுந்த கவனம் வேண்டும். செடி இரவும் பகலும் சுவாசிக்கிறதல்லவா? தான் உண்டாக்கும் ஆக்சிஜனில் ஒரு பங்கைத் தானே செலவழிக்கிறது. மிச்சத்தில் ஒரு பங்கு தண்ணீரில் கரைந்துபோகிறது. அதற்கும் மேல் இருப்பதுதான் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாக ஏறி, வெட்டுவாயில் திரண்டு, பிரிந்து மேலே போகிறது. நீ எண்ணியது அந்தக் கடைசி மிச்சத்தை. அதிலும் குமிழி எல்லாம் ஒரே பருமனா?

மாணவன்: இல்லை ஐயா. பச்சையில் ஒன்றிரண்டு பெரிதாக, மெதுவாக வந்தன.

ஆசிரியர்: அதை அறிக்கையில் எழுதினாயா?

மாணவன்: இல்லை. ஆனால் விளக்கு ஒன்றுதான், தூரமும் ஒன்றுதான்.

ஆசிரியர்: விளக்கு ஒன்று, சரி. தாளைத் தாண்டி வந்த ஒளியும் ஒரே அளவா? ஒரு தாள் நிறைய விடும், இன்னொன்று பாதியைத் தின்றுவிடும். பழைய குண்டு பல்பாக இருந்தால் அதில் சிவப்பே அதிகம், நீலம் குறைவு. நிறத்தை மாற்றினோம் என்று நினைத்துக்கொண்டு அளவையும் சேர்த்து மாற்றிவிட்டாய். இனி எது எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வாய்?

மாணவன்: எங்கல்மன் என்ற விஞ்ஞானியும் இதைத்தானே காட்டினார்? 1882இல் ஒரு பாசி இழைமேல் ஒளிப்பட்டையை விழ வைத்தார். ஆக்சிஜனை நாடும் பாக்டீரியாக்கள் சிவப்பிலும் நீலத்திலும்தான் கூடின.

ஆசிரியர்: அழகான சோதனை அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒரு மெல்லிய இழை. உன் ஹைட்ரில்லா இலையும் இரண்டே செல் தடிமன்தான். பச்சை ஒளி அதில் பிடிபடாமல் பெருமளவு ஊடுருவிப் போய்விடும். பால்மரத்து இலை தடிமனானது. உள்ளே பச்சை ஒளி இங்கும் அங்கும் சிதறிச் சிதறி, கடைசியில் நிறையவே பிடிபடும். 1972இல் மெக்ரீ என்ற ஆய்வாளர் 22 வகைப் பயிர்களை அளந்தபோது பச்சைக்கும் கணிசமான பங்கு இருந்தது. ஆக, பச்சை பயன்படாது என்ற உன் வரியில் இலை எது என்று சொல்லாமலே விட்டிருக்கிறாய்.

மாணவன்: சிவப்பைப் பற்றியாவது நான் சொன்னது சரியா?

ஆசிரியர்: பாதி சரி. ஒளி துகள் துகளாக வருகிறது. நீலத் துகளுக்குச் சக்தி அதிகம், சிவப்புத் துகளுக்குக் குறைவு. பச்சையத்துக்குள் போனதும் நீலத்தின் உபரிச் சக்தி வெப்பமாகக் கழிந்துவிடும், பிறகு இரண்டும் செய்வது ஒரே வேலை. அதனால் ஒரே அளவு ஒளிச் சக்தியைக் கொடுத்தால் சிவப்புக்குத் துகள் கூடுதல், லாபம் சிவப்புக்கு. துகளை எண்ணிக் கொடுத்தால் வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும். எத்தனை துகளுக்கு ஒரு ஆக்சிஜன் என்பதில் ஒரு குருவும் சீடனும் மோதியே இருக்கிறார்கள், தெரியுமா?

மாணவன்: தெரியாது ஐயா.

ஆசிரியர்: குரு ஓட்டோ வார்பர்க், 1931இல் நோபல் பரிசு வாங்கியவர். நான்கு துகள் போதும் என்றார். பெர்லினில் அவரிடம் ஆய்வு செய்து பட்டம் பெற்றவர் ராபர்ட் எமர்சன். குளோரெல்லா என்ற நுண்பாசியை வைத்து அளந்தார். நான்கு வரவில்லை, எட்டுக்கு மேல்தான் வந்தது. 1948இல் வார்பர்க்கே அமெரிக்காவின் இலினாய்க்கு வந்து சீடனோடு உட்கார்ந்து அளந்து பார்த்தார், ஒத்துப்போகவில்லை. இன்று எட்டுக்குக் குறையாது என்பதே நிலைத்திருக்கிறது. குருவின் சொல்லும் உரைதான் தம்பி, ஆனால் அளந்தவன் பக்கம்தான் நியாயம் போனது. (என்னிடம் நீ இவ்வளவு எதிர்த்துப் பேசினதில்லை.)

மாணவன்: நிறத்துக்கும் எமர்சனுக்கும் என்ன சம்பந்தம்?

ஆசிரியர்: அங்கேதான் விஷயமே இருக்கிறது. 680 நானோமீட்டரைத் தாண்டிய கருஞ்சிவப்பில் பச்சையம் ஒளியை வாங்குகிறது, வேலை மட்டும் திடீரென்று படுத்துவிடுகிறது. 1943இல் லூயிஸ் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து எமர்சன் இதைப் பதிவு செய்தார். 1957இல் அதே கருஞ்சிவப்போடு கொஞ்சம் அலைநீளம் குறைந்த ஒளியையும் சேர்த்துக் கொடுத்தார். இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்து வந்ததைக் கூட்டினால் கிடைப்பதைவிட அதிகம் வந்தது. ஒளியை வாங்கும் அமைப்பு இரண்டு உண்டு, ஒன்று மற்றதற்குக் கைகொடுக்கிறது என்ற எண்ணம் அதிலிருந்துதான் வளர்ந்தது. இப்போது சொல், ஒரு நிறத்தைத் தனியே நிறுத்தி உனக்கு எத்தனை மார்க் என்று கேட்க முடியுமா?

மாணவன்: முடியாதுதான். அப்படியென்றால் என் கேள்வியே தப்பா?

ஆசிரியர்: தப்பில்லை, குறையாக இருக்கிறது. நீ தண்ணீரைச் சொல்லவில்லை. நீர்த்தாவரம் என்கிறாய், ஒளி அதனிடம் போய்ச் சேரும் வழியைப் பேசவே இல்லை. மலையிலிருந்து வரும் சிலிங் ஆற்றைப் பார்த்திருக்கிறாய். அதுபோன்ற தெளிந்த தண்ணீரில் முதலில் மாய்வது சிவப்பு. சுத்தமான நீரில் ஐந்து மீட்டர் இறங்கினால் 680 நானோமீட்டர் ஒளியில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும், நீலம் ஏறக்குறைய முழுசாக இருக்கும். உன் சிறந்த நிறம் ஆழத்தில் இருக்கும் செடிக்குப் போய்ச் சேரவே சேராது.

மாணவன்: அப்படியானால் நீலம்தான் என்று எழுதலாமா?

ஆசிரியர்: அவசரப்படாதே. பெஸ்தாரி ஜெயா பக்கம் போ. ராஜா மூசா காட்டைச் சுற்றியுள்ள கரிமண் சதுப்பிலிருந்து கால்வாயில் வரும் தண்ணீர் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) மாதிரி இருக்கும். மக்கிய இலையிலும் மரத்திலும் ஊறிய சாயம் அது. அந்தச் சாயம் நீலத்தை மேலேயே தின்றுவிடும், உள்ளே இறங்குவது சிவப்புதான். பழைய ஈயலம்பக் குட்டைக்குப் போனால் மழைக்குப் பிறகு களிமண் கலங்கி, எல்லா நிறமும் சிதறி, ஒன்றுமே ஆழம் போகாது. இதெல்லாம் ஒரே சிலாங்கூர் மாநிலத்தில்தான்.

மாணவன்: ஒரே செடியை மூன்று இடத்திலும் வைத்தால் மூன்று விடை வரும்.

ஆசிரியர்: ஒளி போதாத இடத்தில் வரும். ஒளி தாராளமாக இருந்தால் நிறத்தைப் பற்றிச் செடி கவலைப்படாது. அங்கே தட்டுப்பாடு கார்பன் டையாக்சைடுக்கு. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். நீ பைகார்பனேட் போட்டாயே, அது எதற்கு என்று யோசித்தாயா?

மாணவன்: செய்முறையில் இருந்தது, போட்டேன்.

ஆசிரியர்: உரையை அப்படியே நம்பிவிட்டாய். கார்பன் போதாமல் குமிழி நின்றால் அந்தப் பழி நிறத்தின்மேல் விழும், அதைத் தவிர்க்கத்தான் அது. சரி, அறிக்கையைத் திருத்து. கலர்த்தாளை விட்டுவிட்டு எல்ஈடி விளக்கு எடு, ஒவ்வொரு நிறத்திலும் துகள் எண்ணிக்கையை மீட்டர் வைத்துச் சமமாக்கு. பள்ளியில் மீட்டர் இல்லையென்றால் அளவு சமமில்லை என்று வெளிப்படையாக எழுது. குமிழிக்குப் பதிலாக வாயுவின் கன அளவைப் பிடி. இருட்டிலும் ஒருமுறை அளந்து சுவாசத்துக்கான கணக்கைச் சேர். பச்சை பயன்படாது என்ற வரியை அடித்துவிடு. சிவப்பு சிறந்தது என்பதற்குப் பக்கத்தில் எந்தத் தண்ணீர், எவ்வளவு ஆழம், எவ்வளவு ஒளி என்று மூன்றையும் எழுதிக்கொண்டு வா. அதுவரை இந்த அறிக்கையை உன் பள்ளி ஆசிரியரிடம் கொடுக்காதே.