சிறைக்குள் கற்ற சிங்களம்



யோவான் நற்செய்தி மூன்றாம் அதிகாரத்தை இப்போது கேட்டோம். வளர்ந்து முதிர்ந்த மனிதன் மறுபடி எப்படிப் பிறக்க முடியும் என்று நிக்கதேம் இயேசுவிடம் கேட்கிறார். அவர் படித்தவர், யூதரின் தலைவர்களில் ஒருவர், பலருக்குப் போதித்தவர். இனி நான் எங்கே மாறப் போகிறேன் என்ற களைப்பு அந்தக் கேள்விக்குள் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. நம்முடைய தேயிலைத் தோட்ட லயங்களிலும் அந்தக் களைப்பு இருக்கிறது. "இந்த வயசுல இனி என்னத்த சாமி படிக்கிறது? புள்ளைங்க படிச்சாப் போதும்" என்கிறீர்கள். பிள்ளைகளுக்காக நீங்கள் படும் பாட்டை ஆண்டவர் அறிவார். ஆனால் உங்களை வளர்த்து முடித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லையே!

வத்தேகம வழியாகப் போனால் கண்டி. அந்தக் கண்டியில் வாழ்ந்து, அங்கேயே உயிர்விட்ட புனித யோசப் வாஸ் அடிகளாரை நினைத்துப் பாருங்கள். 1651இல் கோவாவில் பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், ஏழைக் கூலியாளின் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 36. தமிழைக் கற்றுக்கொண்டு, பயந்து ஒளிந்து வாழ்ந்த விசுவாசிகளை வீடு வீடாகத் தேடிப் போனார். 1692இல் கண்டி இராச்சியத்துக்குள் வந்ததும், போர்த்துக்கேய ஒற்றன் என்று சந்தேகித்து இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சிறையில் போட்டான். கோவாவில் ஒரு துறவற சபைக்கே தலைவராக இருந்தவர் அவர். நாற்பதைத் தாண்டிய அந்த மனிதர் சிறைக்குள் இருந்துகொண்டு சிங்களம் படித்தார். வெளியே வருவோமா மாட்டோமா என்று தெரியாத நிலையில், அந்த நாட்டு மக்களின் மொழியை எழுத்தெழுத்தாகக் கற்றார்.

அடிகளார் விடுதலையான பின், 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. சொந்தங்களே நோயாளியைக் கைவிட்டு ஓடிய நாட்கள் அவை. அடிகளார் மதம் பார்க்காமல் அவர்களுக்கு உணவு கொடுத்தார், புண்களைக் கழுவினார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். உனக்கு எங்கே வலிக்கிறது என்று அவர்களுடைய மொழியிலேயே கேட்க அவரால் முடிந்தது. சிறையில் படித்த பாடம் அங்கே பயன்பட்டது. வயது வந்தவர்களின் வளர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான். பெயரும் பட்டமும் கூடுவதை நான் சொல்லவில்லை. நேற்று உதவ முடியாமல் நின்ற இடத்தில் இன்று உதவக்கூடியவராக ஆவதே வளர்ச்சி.

நம் மக்கள் 1823 தொடங்கி இந்த மலைகளுக்கு வந்தவர்கள். காடு வெட்டி, கோப்பி போட்டு, கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலை போட்டு இந்த நாட்டை வாழவைத்தவர்கள். அப்படியிருந்தும் கிளினிக்கிலும் பொலிசிலும் சிங்களத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே இன்னும் பலர் கையெழுத்து வைக்கிறார்கள். தமிழில் கேட்டு வாங்குவது நமது உரிமை, அதை விடக்கூடாது. அதோடு சிங்கள எழுத்தையும் நாமே வாசிக்கப் படித்தால் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது. உங்கள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சிங்களம் சொல்லித் தருகிறார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளிடமே கேளுங்கள். அதில் வெட்கம் இல்லை.

எழுத்தைவிடக் கடினமான படிப்பும் உண்டு. கோபத்தை அடக்குவது, குடியை விடுவது, மனைவியிடமும் மருமகளிடமும் மன்னிப்புக் கேட்பது. இதையெல்லாம் ஐம்பது வயதில் தொடங்குவது வலிக்கத்தான் செய்யும். கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையை என்னைவிட நன்றாக நீங்கள் அறிவீர்கள். வெட்டி முடித்த அன்று வெறும் குச்சிதான் நிற்கும், சில மாதம் ஒரு கொழுந்தும் எடுக்க முடியாது. வெட்டாமல் விட்ட செடியோ உயர்ந்து கட்டையாகிப்போகும். ஆண்டவர் நம்மில் எதையாவது வெட்டும்போது, அழிக்கிறார் என்று பயப்படாதீர்கள்.

நிக்கதேமும் ஒரே இரவில் மாறிவிடவில்லை. முதலில் இருட்டில் ஒளிந்து வந்தார். ஏழாம் அதிகாரத்தில், ஒருவரை விசாரிக்காமல் தீர்ப்பிடலாமா என்று தலைவர்கள் நடுவில் வாய் திறந்து கேட்டார். பத்தொன்பதாம் அதிகாரத்தில், சீடர்கள் பலர் ஓடிவிட்ட வேளையில், வெள்ளைப்போளமும் அகிலும் சுமந்துகொண்டு இயேசுவை அடக்கம் செய்ய எல்லாருக்கும் தெரிய வந்து நின்றார். தலைவராக இருந்தும் அவர் வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறார்.

எனவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வாசிக்கத் தெரிந்தவர்கள் இந்த வாரமே பக்கத்து வீட்டு அக்காவுக்கோ அண்ணனுக்கோ ஒரு மணி நேரம் கொடுங்கள். தெரியாதவர்கள் கூச்சத்தை விட்டுப் போய்க் கேளுங்கள். யாரோடாவது பேச்சு அறுந்து போயிருந்தால், இன்று வீடு திரும்பும் வழியில் அவர்கள் வாசலில் நின்று நீங்களே முதலில் பேசுங்கள். ஆமென்.