குழந்தையை அளக்கும் கோல்

நெல்லை அளக்கும் மரக்காலால் நெல்லுக்கு நாணம் உண்டாவதில்லை. குழந்தையை அளக்கும்போதோ, அளக்கப்படும் உயிர் தான் அளக்கப்படுவதை அறிகிறது. ஆறு வயதுச் சிறுவனுக்குத் தன் முன்னேற்ற அட்டையைப் படிக்கத் தெரியாது. அதை வாங்கிப் பார்க்கும் தந்தையின் முகத்தைப் படிக்கத் தெரியும். 'நான் மந்தன்' என்னும் முடிவுக்கு அவன் வருவது அம்முகத்தைக் கண்டே. ஆதலின், ஆரம்பப் பள்ளியில் மதிப்பெண் இடுவது வெறும் அலுவலக் காரியம் அன்று; அறநெறிக்கு உட்பட்ட செய்கை என்றே நாம் கருதுகிறோம்.

மதிப்பெண் எதனை அளக்கிறது? சித்தூர், திருப்பதி வட்டாரங்களை எடுத்துக்கொள்வோம். 1911ஆம் ஆண்டு வரை சித்தூர் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. இன்றும் அங்கே தெலுங்கோடு தமிழும் வழங்குகிறது. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த குழந்தை, பள்ளியில் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ கணக்குப் பயில நேர்கிறது. கணக்கை அறிந்தும் வினா விளங்காமையால் அது தவறக்கூடும். வேர்க்கடலை பறிக்கும் நாட்களில், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்ட சிறுமியும் தவறக்கூடும். மொழியும் வறுமையும் ஆசிரியரின் குறையும் ஒன்றாய்க் கலந்து ஓர் எண்ணாக வெளிப்படுகின்றன. பழியோ குழந்தை ஒருவர் மேலேயே விழுகிறது.

இதற்கு ஒரு மாற்று வழி பழைய சித்தூர் மாவட்டத்திலேயே பிறந்தது. ஜே. கிருஷ்ணமூர்த்தி மதனப்பள்ளிக்கு அருகில் 1926இல் தோற்றுவித்த ரிஷிவேலிக் கல்வி நிலையம், 1980களில் தொடங்கிச் சுற்றுக் கிராமங்களில் சிறு பள்ளிகளை அமைத்தது. ஒரே அறை, பல வகுப்புக் குழந்தைகள், ஓர் ஆசிரியர். பாடங்கள் சிறு சிறு படிகளாகப் பகுக்கப்பட்டு ஏணியாக அமைந்தன. ஒவ்வொரு படிக்கும் உரிய அட்டையில், எழுத்தறியாக் குழந்தையும் அடையாளம் காணத்தக்க சித்திரம் இருக்கும். குழந்தை ஏணியில் தன் இடத்தைப் பார்த்துத் தானே அட்டையை எடுத்துக்கொள்ளும். கற்றதைச் சோதிக்கும் அட்டையும் உண்டு. சோதனையில் தடுமாறினால் மீண்டும் பயில வேறு அட்டையும் உண்டு. சில நாள் வராத குழந்தை, விட்ட படியிலிருந்தே தொடரலாம்.

அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறத்தாழ 3,550 படிகள். இளையோரும் முதியோரும் தத்தம் மூச்சுக்கேற்ப ஏறுகின்றனர். நடுவே இளைப்பாற அமர்ந்தவரை 'தவறினார்' என்று எவரும் எழுதி வைப்பதில்லை.

அக்கிருஷ்ணமூர்த்தியே பள்ளிப் பருவத்தில் மந்தன் எனக் கருதப்பட்டு அடியுண்டவர். நம் நூல்கள் கூறும் சூளபந்தகர் வரலாறும் இத்தகையதே. நான்கு திங்கள் முயன்றும் அவரால் ஒரு பாடலை மனனம் செய்ய இயலவில்லை. தமையனாரே அவரைச் சங்கத்தினின்று வெளியேறப் பணித்தார். பகவானோ அவர் கையில் தூய துணி ஒன்றைக் கொடுத்துத் தேய்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். துணி அழுக்கேறுவதைக் கண்டு அவர் அநித்தியத்தை உணர்ந்தார். தமையனார் அளந்தது நினைவாற்றலை மட்டுமே; அதனை அறிவு முழுவதற்கும் அளவாகக் கொண்டதே அவர் பிழை.

இனி, 'அளவே வேண்டாமெனில், எழுத்துக் கூட்டத் தெரியாமலே குழந்தை ஐந்தாம் வகுப்பை அடையாதோ?' என்று சிலர் வினவுவர். இவ்வினா நேர்மையானது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எக்குழந்தையையும் நிறுத்தி வைக்கலாகாது என 2009ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து நிறுத்திவைக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மாநிலங்களுக்கு இடமளித்தது. கல்லாத குழந்தையைக் கற்றதாகக் காட்டி மேலேற்றுவது பொய். அக்குழந்தையையே குற்றவாளியாக்கி நிறுத்துவது கொடுமை. இவ்விரண்டில் எதுவும் அதற்கு ஓர் எழுத்தையேனும் கற்பிப்பதில்லை. அளத்தல் வேண்டும், அது அடுத்த படியைக் காட்டுவதாய் இருத்தல் வேண்டும்.

முறையை மாற்றினால் மட்டும் போதாது. ரிஷிவேலியின் ஏணி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் புகுந்து, பின்னர் செயல்வழிக் கற்றல் என்னும் பெயரில் தமிழகமெங்கும் பரவியது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனக் குழந்தைகளைப் பகுத்தது. அரும்பு என்பது இழிவுப் பெயர் அன்று. ஆயினும் 'நீ இன்னும் அரும்புதானா?' என்று பெரியவர் ஒருவர் கேட்டுவிட்டால், அன்றே அதுவும் வசையாகிவிடும். தீங்கு பெயரில் இல்லை. ஒருவனை மற்றொருவனோடு ஒப்பிடும் நம் மனத்தில் இருக்கிறது.

ஆதலின் பெற்றோரும் ஆசிரியரும் கடைப்பிடிக்கத்தக்கது ஒன்று உண்டு. முன்னேற்ற அட்டை கைக்கு வந்ததும், 'வகுப்பில் எத்தனையாவது?' என்று கேளாதிருப்போம். 'எது இன்னும் விளங்கவில்லை? அதை யார், எப்போது சொல்லித்தருவது?' என்று கேட்போம். முதல் வினா குழந்தைக்குத் தீர்ப்புக் கூறுகிறது; இரண்டாவது வினா நமக்குக் கடமையைக் கூறுகிறது.