தட்டிப் பார்த்தல்

அருப்புக்கோட்டைப் பக்கம் பானையைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். உடம்பையும் அப்படித் தட்டலாம். 1995-இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் ராஜா முத்துப்பிள்ளையும் சகாக்களும் திசுவுக்குள் ஒலி அதிர்வைச் செலுத்தி, அலையின் போக்கைக் காந்தக் கருவியால் படமாக்கினார்கள். இறுகிய திசுவில் அலை விரையும், இளகியதில் தாமதிக்கும். வயது ஏற ஏற ரத்தக்குழாய் இறுகுகிறது, மூளையோ இளகுகிறது. அப்படியானால் 'மூப்பு' என்ற ஒற்றைச் சொல் எதன் பெயர்?

திருச்சுழியில் பிறந்த ரமணர் 1896-இல், பதினாறு வயதில், உடல் செத்தால் 'நான்' சாகுமா என்று விசாரித்தார். அது சாவைப் பற்றிய கேள்வி. அந்த வயதில் மூப்பு குறுக்கிட்டிருக்காது. கரிசலில் மிளகாய் பறித்தே முதுகு வளைந்தவளிடம் 'நீ உடம்பல்ல' என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவள் திசுவின் இறுக்கத்தை அலை அளந்து சொல்லும். அதில் வயதின் பங்கு எவ்வளவு, கூலிவேலையின் பங்கு எவ்வளவு என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. சீட்டில் வயது மட்டும் எழுதியிருக்கும்.