கொப்பியை ஒளித்து வைக்கலாமா?

க.பொ.த. உயர்தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் நம் வீடுகள் பல, பரீட்சை எழுதும் பிள்ளையைச் சுற்றியே இயங்குகின்றன. தொலைக்காட்சி ஓய்ந்து விடுகின்றது. வருகின்ற உறவினர் வாசலோடு பேசித் திரும்புகின்றனர். அதிகாலையில் தாய் எழுந்து தேநீர் வைத்துப் பிள்ளையை எழுப்புகின்றாள். அத்தகைய வீடொன்றிலே அண்மையில் ஒரு தாய் கேட்ட கேள்விதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

அவருடைய மகள் உயிரியற் பிரிவில் படிக்கின்றாள். அவளும் வகுப்புத் தோழியர் இருவரும் சனிக்கிழமைதோறும் ஒன்றுகூடிக் கடந்தகால வினாத்தாள்களைச் செய்து பார்ப்பது வழக்கம். இரண்டு வருடங்களாக மகள் படம் வரைந்து, நிறந்தீட்டி, ஒழுங்காக எழுதிய உயிரியற் கொப்பியைத் தோழி ஒருத்தி ஒரு வாரத்துக்கு இரவல் கேட்டிருக்கின்றாள். "அவளும் இந்த மாவட்டந்தானே ஐயா? என்ரை பிள்ளை கஷ்டப்பட்டு எழுதினதைக் குடுத்து, அவள் இவளை முந்திப் போனால்? குடுக்காதை எண்டு சொல்லிப் போட்டன். நான் சொன்னது பிழையோ?" என்று அத்தாய் கேட்டார்.

இதனைச் சுயநலம் என்ற ஒரே சொல்லால் ஒதுக்கி விடுவது எளிது. ஆயின், அது நேர்மையாகாது. அத்தாயின் அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. 2001ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் பல்கலைக்கழக அனுமதி இசற் புள்ளியைக் கொண்டு தீர்மானிக்கப்படுகின்றது. ஒரு பாடத்திற்குத் தோற்றியோரின் சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு மேலே நிற்கின்றார் என்பதையே அது அளக்கின்றது. அதாவது, நான் எவ்வளவு அறிந்தேன் என்பது மட்டுமன்று, பிறரை விட எவ்வளவு அறிந்தேன் என்பதே கணக்கு. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட மக்கள்தொகைக்கு ஏற்பவும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகின்றன. வெட்டுப்புள்ளியோ நான்கு தசம தானங்கள் வரை செல்கின்றது. 50 பல்தேர்வு வினாக்களில் ஒன்றைத் தவற விட்டவர், மருத்துவ பீடத்தின் வாசலில் நின்று திரும்ப நேரலாம். 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலையும், 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டையும் கண்ட முதியவர்களைக் கேட்டால், கையெட்டும் தூரத்தில் இடத்தை இழந்த துயரக் கதைகளைச் சொல்வர். அந்த அச்சம் நம் வீடுகளில் தலைமுறையாகத் தங்கியுள்ளது.

இதற்குத் துணையாகச் சிலர் உயிரியலையே சாட்சிக்கு அழைப்பதும் உண்டு. "தகுந்தவை பிழைக்கும் என்பதுதானே இயற்கையின் விதி? பிள்ளை படிக்கிற பாடமே அதைத்தானே சொல்லுகின்றது?" என்பர். அந்தச் சொற்றொடரை முதலில் வழங்கியவர் டார்வின் அல்லர். ஹெர்பேட் ஸ்பென்சர் 1864இல் எழுதியதை டார்வின் பின்னர் தம் நூலின் 1869ஆம் ஆண்டுப் பதிப்பில் எடுத்துக்கொண்டார். அது கிடக்க, அதே பாடத்தில் பயற்றஞ் செடியின் வேர்ச் சிறுகணுக்களில் வாழும் பற்றீரியாவைப் பற்றியும் பிள்ளைகள் படிக்கின்றனர். பற்றீரியா நைதரசனைக் கொடுக்கின்றது. செடி உணவைக் கொடுக்கின்றது. ஆனால் இதைக் காட்டி, "பாருங்கள், இயற்கை பகிரச் சொல்கின்றது" என்று வாதிப்பதும் சரியன்று. போட்டியும் இயற்கையில் உண்டு, கூட்டுறவும் உண்டு. அவை நடப்பதை உயிரியல் விளக்குகின்றது. எப்படி நடக்க வேண்டும் என்பதை மனிதன் தன் மனச்சாட்சியோடு இருந்து தீர்மானிக்க வேண்டியுள்ளது.

எனவே கேள்வியை வேறு விதமாகக் கேட்போம். போட்டி ஒன்றில் வெல்வதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, என் நிலையை நான் உயர்த்துவது. மற்றையது, அடுத்தவர் உயராமற் பார்த்துக் கொள்வது. விடிய எழுந்து படிப்பது முதல் வழி. கொப்பியை ஒளிப்பது இரண்டாம் வழி. வெளிப்பார்வைக்கு இரண்டின் பலனும் ஒன்றே போலத் தோன்றும். ஆனால் முதல் வழியில் நாளைய நோயாளிக்கு நல்ல வைத்தியர் ஒருவர் கிடைக்கின்றார். இரண்டாம் வழியிலோ எவருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. ஒளித்தவளின் அறிவு அணுவளவும் கூடுவதில்லை. தோழியின் அறிவு குறைந்து போவது மட்டுமே மிச்சம். மருத்துவ பீடத்தில் ஓர் இடம் பிள்ளைக்குத் தரப்படும் பரிசு அன்று. நோயுற்ற மக்களுக்காக அரசு ஏற்படுத்திய பொறுப்பு. அதற்கு மிகத் தகுதியானவர் தோழியே என்றால், அந்த இடம் என்னிடமிருந்து பறிக்கப்பட்டது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? பரீட்சைக்கு முன் அது எவருக்கும் சொந்தமாக இருக்கவில்லையே.

இன்னொன்று. அந்தக் கொப்பியில் உள்ளவை யாருடையவை? படங்களை வரைந்த உழைப்பு நிச்சயமாகப் பிள்ளையுடையது. ஆனால் விளக்கியவர் ஆசிரியர். பழைய வினாத்தாள்களைத் தந்தவர் மேல் வகுப்பு அக்கா ஒருவர். பரம்பரையியற் பகுதியை எடுத்துக் கொள்வோம். அதற்கு அடித்தளமிட்ட கிரகர் மெண்டல் அகுஸ்தீன் சபைத் துறவி. அவர் 1850இல் ஆசிரியத் தகுதிப் பரீட்சை எழுதிச் சித்தியெய்தவில்லை. 1856இல் மீண்டும் முயன்றும் கைகூடவில்லை. இருந்தும் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கண்டறிந்தவற்றை 1866இல் அச்சிட்டு, பிரதிகளை அறிஞர்களுக்கு அனுப்பினார். பெரும்பாலும் எவரும் பொருட்படுத்தவில்லை. 1884இல் அவர் இறந்தார். 1900இல் மூன்று தாவரவியலாளர்கள் அதே முடிவுகளை அடைந்தபோது, முன்னரே அதைக் கண்டவர் மெண்டல் என உலகம் அறிந்தது. பலன் தமக்குக் கிட்டாதபோதும் கண்டதைத் திறந்து வைத்த ஒருவரிடமிருந்தே நம் பிள்ளைகள் அந்தப் பாடத்தைப் பெற்றுள்ளனர். பெற்றதைப் பூட்டி வைப்பது எப்படிப் பொருந்தும்?

கூடிப் படிப்பதில் இழப்பு மட்டுமே உண்டென்று நினைப்பதும் தவறு. ஒடுக்கற்பிரிவில் நிறமூர்த்தங்கள் எப்படிச் சோடி சேர்ந்து பிரிகின்றன என்பதை மற்றவருக்கு விளக்க முற்பட்ட பிள்ளைக்குத்தான், தான் எங்கே விளங்காமற் பாடமாக்கியிருக்கின்றாள் என்பது தெரிய வரும். மேலும், போட்டியாளர் அந்தத் தோழி ஒருத்தி மட்டுமல்லளே. மாவட்டத்தில் எத்தனையோ பேர் எழுதுகின்றனர். ஒருத்திக்கு ஒளிப்பதனால் வரும் இலாபம் மிகச் சிறிது.

ஆயினும் இலாபக் கணக்கோடு நின்று விட்டால், நான் அத்தாயின் கேள்விக்கு மறுமொழி சொன்னவனாக மாட்டேன். கொப்பியை வாங்கிய தோழி உள்ளே போய், கொடுத்தவள் வெளியே நிற்கவும் கூடும். மூன்று தடவை தோற்ற வாய்ப்பிருந்தாலும் அந்த வேதனை சிறிதன்று. அப்படி நடந்தாலும் கொடுத்தது சரியே என்பதுதான் என் முடிவு. ஏனெனில் நற்செயலின் பெறுமதி, அது நமக்கு நட்டம் தராதபோது மட்டுமே செல்லுபடியாகும் ஒன்றன்று.

இதற்கு எல்லைகளும் உண்டு. தன் நித்திரையையும் தன் படிப்பையும் விட்டுப் பிறரைச் சுமக்க வேண்டும் என்று எவரும் கேட்க முடியாது. பரீட்சைக்கு முந்திய வாரத்தில், "கொப்பி எனக்கு வேண்டும், இங்கே வந்து பார்" என்பது குற்றமன்று. உழைக்காமல் விடையை மட்டும் பார்த்தெழுத வருபவருக்குக் கொடுப்பது உதவியுமன்று. ஆசிரியர் ஒருவர் தம் சீவனத்துக்காக அச்சிட்ட குறிப்புகளைப் பிரதி செய்யுமுன் அவரிடம் கேட்பதே முறை. பரீட்சை மண்டபத்திலோ நட்பின் பெயரால் ஒரு விடையைக் கூடக் காட்டலாகாது. அங்கே ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிச் சாட்சி சொல்கின்றனர். தோழிக்குக் காட்டும் விடை, நாம் முகமறியாத ஒரு பிள்ளையிடமிருந்து எடுத்த திருட்டு.

இவற்றையே அத்தாயிடமும் சொன்னேன். அவர் உடனே உடன்பட்டார் என்று சொல்ல மாட்டேன். "யோசிக்கிறன் ஐயா" என்றார். யோசிக்கத்தான் வேண்டும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை வைத்தியராவாளா என்பது உங்கள் கையில் இல்லை; பிள்ளையின் கையிற்கூட முழுமையாக இல்லை. பெறுபேறு வெளியாகும் நாளில், முடிவு எதுவாயினும், தோழியின் வீட்டுப் படலையைத் திறந்து கூசாமல் அவள் முகத்தைப் பார்க்கக் கூடியவளாக அவளை வளர்ப்பது உங்கள் கையில் உண்டு. கொப்பியைக் கொடுக்கச் சொல்லுங்கள்.