மலை கூப்பிட்டா கேட் திறந்திருக்கணுமா?



மார்கழி பிறந்துட்டா நம்ம குரூப்ல ஒரே மாதிரி மெசேஜ்தான் ஓடும். "சதுரகிரி எப்போ ப்ரோ?", "செண்பகத்தோப்பு போலாமா?", "அய்யனார் கோயில் பக்கம் ஒரு நாள் நடந்துட்டு வரலாம்." தப்பே இல்ல. ராஜபாளையத்துலயும் ஸ்ரீவில்லிபுத்தூர்லயும் பிறந்தவங்களுக்கு மேற்கே திரும்பினாலே மலைதான். வெயில் அடங்கி, பனி இறங்கி, மழையில காடு பச்சை கட்டி நிக்கிற இந்த ரெண்டு மாசத்துல கால் சும்மா இருக்காது. குறிஞ்சிக்கு உரியவனைக் கும்பிடுறவங்களுக்கு மலை மேல ஆசை இல்லாமலா போகும்!

ஆனா அதே குரூப்ல இன்னொரு மெசேஜும் வரும். "ஃபாரஸ்ட்காரங்க கேட்டை மூடிட்டாங்க." அடுத்த நிமிஷமே பதில்: "அப்பன் கூப்பிட்டா எந்த கேட்டும் தடுக்காது. வேற பாதை தெரிஞ்ச ஆள் இருக்கு, வாங்க." அதுக்குக் கீழே இருபது அரோகரா.

அந்த இருபது பேர்கிட்டயும் நான் கேட்க நினைக்கிற கேள்வி ஒண்ணுதான். மூடின பாதையில போறது பக்தியா, இல்ல நம்ம ஆசைக்கு நாம வைக்கிற பேரா?

முதல்ல ஏன் மூடுறாங்கன்னு பார்ப்போம். நம்ம பக்கம் வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை. தாணிப்பாறை அடிவாரத்துல வெயில் அடிக்கும், ஆனா மேலே உச்சியில மழை கொட்டிக்கிட்டு இருக்கும். அந்தத் தண்ணி சங்கிலிப்பாறை ஓடையிலயும் பிலாவடி கருப்பசாமி கோயில் ஓடையிலயும் திடீர்னு இறங்கும். ஏறும்போது கணுக்கால் அளவு தண்ணி, இறங்கும்போது தாண்ட முடியாது. 2015 மே மாசம் சதுரகிரியில வந்த திடீர் வெள்ளம் பக்தர்களோட உயிரையே வாங்கிட்டுப் போச்சு. அது மழைக்காலம்கூட இல்ல. மழை இல்லாத காலத்துக்கு வேற ஆபத்து. 2018 மார்ச் 11 அன்னைக்கு நமக்குப் பக்கத்து தேனி மாவட்டத்துல, குரங்கணியில பிடிச்ச காட்டுத் தீயில 23 பேர் போயிட்டாங்க.

"என் உயிர், என் சாமி, நான் பாத்துக்கறேன்"னு சொல்லலாம். ஆனா நீங்க ஓடைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டா, கயிறு கட்டித் தண்ணியில இறங்கப் போறவன் இன்னொரு வீட்டுப் பிள்ளை. அவனுக்கு அன்னைக்கு எந்த அழைப்பும் வரல. உங்க நம்பிக்கைக்கான விலையை அவன் தலையில வைக்கிறது எந்தக் கணக்குல நியாயம்?

இதுக்கு ஒரு பலமான பதில் உண்டு. "கோயில் முன்னாடியே இருக்கு. சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988லதான் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் 2021ல வந்தது. எங்க தாத்தா நடந்த பாதையை நேத்து வந்தவங்க எப்படி மூடலாம்?" இதைக் கேலியா ஒதுக்க முடியாது. வருஷக்கணக்கா நேர்த்தி வெச்சு, அடிவாரம் வரைக்கும் வந்து, கேட்டைப் பார்த்துட்டுத் திரும்புற வயசான அம்மாக்களோட வலி நிஜம். எந்த நாள், எத்தனை மணி வரைக்கும்னு பக்தர்கள் கேட்டுப் போராடுறதும் நியாயம்தான். அதை மனுவாக் கொடுக்கலாம், கோர்ட்டுக்கும் போகலாம்.

ஆனா "யார் முன்னாடி வந்தது"ன்னு கணக்கு எடுத்தா அது நம்ம வீட்டு வாசல்ல நிக்காது. செண்பகத்தோப்புலயும் தாணிப்பாறையிலயும் அய்யனார் கோயில் பக்கமும் பளியர் குடும்பங்க இருக்கு. அந்த மலையில தேன் எடுத்து, கிழங்கு தோண்டிப் பிழைச்ச சனம். காடு முதல்ல யாருக்குச் சொந்தம்னா, முதல் வரிசையில அவங்க நிப்பாங்க. நாம விருந்தாளி வரிசைதான்.

இங்கதான் எனக்கு வள்ளி கதை ஞாபகம் வரும். கந்தபுராணத்துல முருகன் வள்ளிமலைக்கு எப்படிப் போறான்? மலைக்கே கடவுள் அவன், தடுக்க யார் இருக்கா? ஆனாலும் வேடனா வந்து நிக்கிறான். அவ ஆளுங்க வந்ததும் வேங்கை மரமாயிடறான். அப்புறம் கிழவனா வந்து பசிக்குதுன்னு கேட்டு, அவ கொடுத்த தினைமாவையும் தேனையும் வாங்கித் திங்கிறான். தண்ணியும் கேட்டுத்தான் குடிக்கிறான். "கடைசியில கூட்டிக்கிட்டுத்தானே போனான், சண்டையும் வந்துச்சே"ன்னு சொல்வீங்க. ஆமா, வந்தது. ஆனா கதை அங்க முடியல. விழுந்தவங்களை வள்ளியைக் கொண்டே எழுப்பி, நம்பிராஜன் ஊருக்கே திரும்பிப் போய், அந்தக் குறவர் வீட்டுலதான் கல்யாணம் நடக்குது. மலைக்குச் சொந்தக்காரனே மலைவாசிங்க சம்மதத்தை விட்டுட்டுப் போகல. அவன் பக்தன் மட்டும் வேலிச் சந்துல நுழையலாமா?

"அழைப்பு"ங்கிற வார்த்தையையும் கொஞ்சம் யோசிங்க. எனக்குப் பிடிச்ச நாள்ல, எனக்கு லீவு கிடைச்ச வாரத்துல, என் செட்டு சேர்ந்த நேரத்துல மட்டும் வர்ற அழைப்பு யார்கிட்ட இருந்து வருது? சாமி கூப்பிட்டா சில சமயம் "இன்னைக்கு வேண்டாம்"னும் சொல்லணும்ல? நான் நினைச்சதையே எப்பவும் திருப்பிச் சொல்ற குரல், என் குரல்தான்.

மார்கழின்னா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆண்டாள். திருப்பாவை நோன்புல அந்தப் பெண்கள் எதையெல்லாம் செய்ய மாட்டோம்னு முதல்லயே சொல்லிடறாங்க. நெய் வேண்டாம், பால் வேண்டாம், மை வேண்டாம், பூ வேண்டாம். நோன்புங்கிறதே விட்டுக்கொடுக்கிறதுல தொடங்குது. மூடின கேட் முன்னாடி கற்பூரம் காட்டிட்டுத் திரும்பினா அது யாத்திரை கெட்டுப்போனதாகாது. அன்னைக்கு விரதம் அதுதான்.

இதைச் சொல்றதால வீட்டுலயே இருங்கன்னு அர்த்தம் இல்ல. திறந்திருக்கிற நாள்ல, அனுமதி இருக்கிற பாதையில நல்லா நடங்க. 2024 அக்டோபர்ல அரசு தொடங்கின 'ட்ரெக் தமிழ்நாடு'ல அப்பவே 40 பாதை இருந்துச்சு, நம்ம விருதுநகர் மாவட்டத்துலயும் உண்டு. உள்ளூர் மலைவாழ் பிள்ளைகளே வழிகாட்டியா வர்றாங்க. அவங்ககிட்ட பேசுங்க, கேளுங்க. பளியர் வீட்டுப் பையன் "இதுக்கு மேல வேண்டாம்ணா"ன்னு சொன்னா, அதை முருகன் வாக்கா எடுத்துக்கோங்க.

விடியக் கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிடுங்க. ஸ்பீக்கர் வேண்டாம். செண்பகத்தோப்புல சாம்பல் நிற அணில் தரையில அதிகம் இறங்காது, மரத்துக்கு மரம் கிளை வழியாவே போகும். அமைதியா நின்னாத்தான் அது கண்ணுல படும். தை, மாசியில புல் காஞ்சு கிடக்கும், காட்டுக்குள்ள கற்பூரம் ஏத்தாதீங்க. அய்யனார் கோயில் ஆத்துல பாலித்தீன் கவரைப் போடுறவங்க ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. அந்தத் தண்ணிதான் கீழே ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்குப் போய், ராஜபாளையத்துக் குழாய்ல வருது.

அடுத்த தடவை குரூப்ல "வேற பாதை இருக்கு"ன்னு யாராவது போட்டா, இருபத்தி ஒண்ணாவது அரோகரா போடாதீங்க. "திறந்ததும் சேர்ந்து போவோம் ப்ரோ"ன்னு ஒரு வரி போடுங்க. உங்க ஒரு வரிக்காக ஒருத்தன் வீட்டுக்குத் திரும்பினாலும் போதும். மலை எங்கயும் போயிடாது.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!